கற்பூரச் சத்தியம்

"தட்டுல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கண்ணே, இந்த உடம்புல ஊசி ஏத்த மாட்டேன்னு."

ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் எரியும் கற்பூரத் தட்டை நீட்டினார் பொம்மையன் மாஸ்டர். நாகல் நகரில் அவருடைய ஜிம்மில் சேர அதுதான் சட்டம்.

மோகன்குமார் கையை நீட்டவில்லை.

"எனக்கு ஆண் ஹார்மோன் ரொம்பக் குறைச்சல், மாஸ்டர். டாக்டரே ஊசி போடுறாரு. அப்பப்ப ரத்த டெஸ்ட் எடுத்துக்கிட்டு, வெயிட்டைக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏத்தணும்னு சொல்லிருக்காரு."

எடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ச்சீ, ஊசிக் கேஸா!" என்றான் ஒருவன். காளைக் கழுத்துக்காரன் ஒருவன் ஜன்னல் வழியே காறித் துப்பினான். மோகன்குமாருக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாஸ்டர் முகத்தைச் சுளித்தபடி, "உள்ள வாங்க" என்று தன் அறைக்குக் கூட்டிப் போனார். விரட்டத்தான் போகிறார் என்று நினைத்தான்.

அவர் கதவைச் சாத்திவிட்டு மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே ஊசி மருந்துக் குப்பிகள் கலகலவென்று உருண்டன.

"டாக்டரு, டெஸ்ட்டுன்னு எதுக்குண்ணே அலையிறீக? நானே போட்டு விடுறேன். துப்புனான்ல, அவனுக்கும் நான்தான் போடுறேன்."

மோகன்குமார் கேட்டான்: "அவன் சத்தியம் பண்ணலையா?"

"எல்லாப் பயலும்தான் பண்ணிருக்கான். நீங்களும் வந்து பண்ணிருங்க. இல்லாட்டி நம்ம ஜிம்மைப் பத்தி ஊருக்குள்ள அசிங்கமா பேசுவாக."

மாஸ்டர் புதுக் கற்பூரம் ஒன்றை எடுத்தார். அதுவும் அதே டிராயரில்தான் இருந்தது.