கடைக்குப் போகத் தெரிந்தவள்

"ஊருக்கு டிக்கெட் போட்டுடப் போறேன்மா. டீக்குச் சர்க்கரை வாங்கத் தெரியாதவனுக்கு வெளிநாட்டு வேலை ஒரு கேடா?"

இன்ஜினீயர் டம்ளரைத் தள்ளி வைத்தார். டீயில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி விடுதிக்குச் சமைக்க வந்தவள், அவர் வாங்கி வந்த பொட்டலத்தை எடுத்து முகர்ந்தாள்.

"இது துணி துவைக்கிற தூள் சார்."

"போன்ல காட்டினேன். 'வெண்மையின் மகிழ்ச்சி'ன்னு மொழிபெயர்த்துச்சு. சர்க்கரையைத்தான் சொல்லுதாக்கும்னு நெனச்சேன். நீ சிரிக்காதே. நேத்து தப்பான பஸ்ல ஏறி, ஆபீசுக்கு ரெண்டு மணி நேரம் லேட். மேனேஜர் எல்லார் முன்னாலயும் திட்டிட்டார்."

அவள் பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, கடைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

இரண்டு பட்டம் வாங்கியவர். மூன்று மாதமாகக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் திரிகிறார். அவள் வந்து முழுதாக இரண்டு வாரம் ஆகவில்லை.

நிறுத்தத்தில் காலிப் பையோடு நின்ற பெண்ணிடம் அவள் சைகையில் ஏதோ கேட்டாள். இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள். கடை வாசலிலேயே இறங்கினார்கள்.

உள்ளே அவள் கை தடுமாறவே இல்லை. ஒரு பொட்டலத்தைக் காதருகே குலுக்கிப் பார்த்தாள், சர்க்கரை. இரண்டு மாவுப் பைகளை விரலால் அழுத்திப் பார்த்து ஒன்றை எடுத்தாள். எண்ணெய்ப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கல்லாவில் இருந்த பெண் இவளைக் கண்டதும் சொந்தக்காரியைப் பார்த்தது போலச் சிரித்தாள்.

இன்ஜினீயர் அசந்துபோனார். கெட்டிக்காரி, என்ன ஒரு மூளை என்று மனதார மெச்சிக்கொண்டார். தன்னை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வந்ததும் நல்ல டீ கிடைத்தது. ஒரு மடக்குக் குடித்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, ரெண்டே வாரத்துல இந்த ஊர் எழுத்தை எப்படிப் படிச்சீங்க? எந்தப் புத்தகம்னு சொல்லுங்க, நானும் வாங்கிப் படிக்கிறேன். டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கலாம்."

"எழுத்தா?" அவள் விழித்தாள். "எனக்குத் தமிழே படிக்க வராது சார். நம்ம ஊர்லயும் நான் இப்படித்தான் கடைக்குப் போயிட்டு வருவேன்."