ஒன்பதாவது பாரா

லிங்கராஜபுரத்தில் பேக்கரிக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்துக்கு உத்தமன் படியேறி வந்தார். வைட்ஃபீல்டில் இருநூறு பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவர்தான் முதலாளி.

அங்கே தனியாக உட்கார்ந்து புரோகிராம் எழுதும் ஆஞ்சலா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க சார். ரொம்ப வேர்க்குது உங்களுக்கு."

"கேஸே வேணாம்மா. பேசித் தீர்த்துக்கலாம்."

"கேஸ்னா பயமாத்தான் சார் இருக்கும்."

"நீங்க எழுதி ஃப்ரீயா விட்ட புரோகிராமை வச்சுதான் எங்க சாஃப்ட்வேரே ஓடுது. நிறுத்தச் சொன்னீங்கன்னா நாளைக்கே கம்பெனியை மூடணும்."

"லைசென்ஸைப் படிச்சுட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஃப்ரீன்னதும் பசங்க எடுத்துப் போட்டுட்டாங்க. நேத்துதான் ஒன்பதாவது பாராவை வக்கீல் காட்டினார்."

"இப்ப ஒருவாட்டி படிங்க சார்."

உத்தமன் காகிதத்தைப் பிரித்தார். எழுத்துகள் ஆடின.

"இந்த மென்பொருள் தன் பேட்டன்டை மீறுவதாக எவர் வழக்குப் போட்டாலும், அன்றே இதைப் பயன்படுத்தும் உரிமையை அவர் இழப்பார்."

ஆஞ்சலா தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"போன வாரம் நீங்க என் மேல கேஸ் போட்டு அனுப்பின கோர்ட் நோட்டீஸைப் படிச்சப்ப, எனக்கும் இப்படித்தான் சார் கை நடுங்குச்சு."