சாஸ் வேண்டாம்

மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரத்துப் பனியில் டெக்சஸ் பார்பிக்யூ கடை போட்டு மூன்று வருடமாகியும், தான் புகையில் வேகவைக்கும் மாட்டு நெஞ்சுக்கறி நன்றாக இருக்கிறதா என்று ராய்ஸுக்குத் தெரியவில்லை. கேட்டால் மினசோட்டாக்காரர்கள் சிரித்துக்கொண்டே "மோசமில்லைங்க" என்பார்கள். செருப்புத் தோலை வேகவைத்துக் கொடுத்தாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது.

இன்று டெக்சஸ் நம்பர் பிளேட்டோடு ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கடையின் பின்பக்கம் போய் விறகுக் குவியலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ஓக் கட்டைதானே தம்பி? கேஸ் வச்சு ஏமாத்தலையே?"

"சத்தியமா இல்லீங்க. பதினாலு மணி நேரப் புகை. சாஸ் வேணுமா?"

"அதெல்லாம் வேண்டாம்."

கறியின் குறையை மறைக்கத்தான் சாஸ் என்பது டெக்சஸ்காரர்கள் கணக்கு. சாஸைத் தொடாதவர் பொய் சொல்ல மாட்டார். நன்றாக இல்லை என்று இவர் சொல்லிவிட்டால் இன்றோடு கடையை மூடிவிடலாம்.

வந்தவர் தட்டைக் காலி செய்தார்.

"எப்படி இருக்குங்க? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. நானும் டெக்சஸ்தான், லாக்ஹார்ட் பக்கம்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கொரோனா வந்துட்டுப் போனதுலேர்ந்து எனக்கு நாக்குல ருசியே இல்ல தம்பி. நம்ம ஊர்ல ஒரு கடை பாக்கியில்ல. வெளியூர்ல இது பத்தொன்பதாவது. எங்கேயாவது திரும்பி வந்துடாதான்னுதான் அலையறேன். சமைச்சவன் நீ, நீயே சொல்லு. எப்படி இருக்கு?"

ராய்ஸ் காலித் தட்டையே பார்த்தான். கடை திறந்த மாதம் வந்த அதே கொரோனாதான் அவன் நாக்கையும் கொண்டுபோயிருந்தது.

"மோசமில்லைங்க" என்றான்.