விளக்குக்கு வராத விட்டில்

அந்த விட்டில் வடிவாம்பாளின் கண்ணுக்குக் கீழே வந்து உட்கார்ந்ததும், அவள் புருஷன் தண்டாயுதபாணிக்கு மூச்சு நின்றது.

அவருடைய மாமனார் அருணகிரிக்குக் காலையிலேயே நின்றுவிட்டது. கூடத்தில் அவரைக் கிடத்தி, பே கோபுரத் தெருவே சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

சாம்பல் இறக்கை, ஓரத்தில் குங்குமக் கோடு. அதேதான்.

சயன்ஸ் வாத்தியாரான தண்டாயுதபாணி இதைத் தேடி, லாந்தரும் கையுமாக மலையைச் சுற்றிய சுற்றைச் சாமிக்காகச் சுற்றியிருந்தால் ஏழு தலைமுறைக்கு மோட்சம் கிடைத்திருக்கும். தீபத்துக்கு உலகமே வந்தது; இது மட்டும் எந்த விளக்குக்கும் வரவில்லை. எதைத் தின்று உயிர்வாழ்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரே ஒரு முறை, ஐம்பத்தெட்டாம் வருஷத்தில், இதே வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்தது. அவர் டப்பா எடுத்து வருவதற்குள் மாமனார் செருப்பால் அடித்துவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இப்போது தகர டப்பா சட்டைப்பையிலேயே இருந்தது. கையை நீட்டினார்.

“தொடாதீங்க மாப்ள!” என்று அலறினாள் செத்தவரின் தங்கை ஜோதியம்மாள். “எங்கண்ணன்தான் வந்திருக்காரு. பொண்ணு கண்ணைத் தொடைச்சி விடுறாரு, தெரியல?”

துடைக்கவா செய்தது? மயிரிழை போன்ற குழலை நீட்டிக் கண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது! விளக்குக்கு ஏன் வரும்?

பிறகு ஜோதியம்மாளின் கண். எனக்கு, எனக்கு என்று ஆளாளுக்கு முகத்தை நீட்டினார்கள். கண் கண்ணாகப் பந்தி நடந்தது.

கடைசியில் மாப்பிள்ளையின் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது.

கூடமே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

ஒரு சொட்டு கிடைத்தால் போதும், அது நகராது. அப்படியே கொல்லைப்பக்கம் நடந்துபோய் டப்பாவில் போட்டுவிடலாம்.

மாமனாரை நினைத்தார். செருப்புதான் ஞாபகம் வந்தது. தொடையைக் கிள்ளினார். நாக்கைக் கடித்தார். ம்ஹூம்.

விட்டில் கண்ணின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை துழாவிப் பார்த்தது. பாலைவனம். எழும்பி, முற்றத்து வழியாக மலைப்பக்கம் பறந்தே போய்விட்டது.

அப்புறம் வந்தது பாருங்கள் அழுகை! தரையில் விழுந்து புரண்டு, அய்யங்குளமே நிரம்பி வழிகிற மாதிரி.

“பேச்சுவார்த்தை இல்லன்னாலும் மாமனார் மேல எவ்ளோ பாசம் பாருடி” என்று மூக்கைச் சிந்தினாள் ஜோதியம்மாள்.

வடிவாம்பாள், புருஷன் பையிலிருந்து உருண்டு வந்த டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டாள்.