டிரையருக்குப் பின்னால்

"வணக்கம் சார். துணி காயவைக்கற டிரையரோட குழாய் சுத்தம் பண்ற கம்பெனியிலேர்ந்து வந்திருக்கோம். உள்ள வரலாமா?"

இளைஞன் கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினான். நீலச் சீருடையில், தோளில் நீளமான பிரஷ் கம்பிகளும் கையில் வேக்குவமுமாக அந்தப் பெண் நிமிர்ந்து நின்றாள். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மீசைக்காரர் பேச்சைத் தொடர்ந்தார்.

"நான் சூப்பர்வைசர். இன்னிக்கு இவங்களுக்குக் கடைசிச் சோதனை. தேறினா நாளையிலேர்ந்து சொந்தமா ஒரு வண்டி, தனியா வேலை. இல்லேன்னா பழையபடி என் பின்னாடி பை தூக்கிட்டு வரணும். அதான், இருக்கறதுலயே கஷ்டமான கஸ்டமர் வீடாப் பாத்துக் கூட்டிட்டு வந்தேன். நீங்க விட்டுக் குடுக்காதீங்க சார், தோணறதெல்லாம் கேளுங்க."

"ஐயோ, நான் ரொம்பச் சாதுங்க" என்றான் இளைஞன்.

டிரையர் குளியலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில், சுவரோடு சுவராக நெருக்கித் தள்ளப்பட்டிருந்தது.

"என்ன சார் தொந்தரவு?"

"துணி காயவே மாட்டேங்குது. ரெண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கு. மேல கை வச்சா சுடுது."

"கருகுற வாசனை வருமா?"

"லேசா வரும். ஜன்னலைத் தொறந்து விட்டுடுவேன்."

"நல்ல வைத்தியம். பஞ்சு வடிகட்டியை எப்ப சுத்தம் பண்ணுவீங்க?"

"அப்பப்ப..."

"அப்பப்பன்னா?"

"ஞாபகம் வரும்போது."

"ஒவ்வொரு தடவை துணி போடும்போதும் பண்ணணும் சார். வீட்ல யாரும் சொல்லலையா?"

"சம்சாரம் தெனமும் சொல்லுவாங்க."

"நீங்க?"

"தலையை ஆட்டுவேன்."

"பாவம் அந்தம்மா."

சூப்பர்வைசர் இருமினார். இருமலா சிரிப்பா என்று தெரியாதபடி மீசை மறைத்துக்கொண்டது.

இளைஞன் விறைப்பானான். விட்டுக் குடுக்காதே என்று சொல்லியிருக்கிறாரே!

"ஆமா, வெறும் பஞ்சுதானே? அதுக்குப் போய் ஏன் இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

அவள் வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டு ஒரு பந்து பஞ்சை உருட்டி எடுத்தாள்.

"உங்களுக்குப் பஞ்சு, நெருப்புக்கு விறகு. குழாய் அடைச்சுக்கிட்டா சூடான காத்து வெளிய போக வழியில்லாம உள்ளயே கிடந்து சுத்தும். ஒரு பொறி போதும் சார். இதை ஓட விட்டுட்டுத் தூங்குவீங்களா?"

"சில நாள்..."

"இனிமே கூடாது. ஓட விட்டுட்டு வெளியவும் போகக் கூடாது." குரல் உயரவே இல்லை. ஆனால் அவன் பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்து அவள் மெஷினை இழுக்கக் கை வைத்தாள். பிளக் இன்னும் சுவரிலேயே இருந்தது!

இளைஞன் அதைக் கவனித்துவிட்டான். வாயைத் திறந்தால் அவளுடைய சோதனை அம்போ. திறக்காவிட்டால்? உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவள் கை பாதியில் நின்றது. குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "முதல்ல இது. மத்ததெல்லாம் அப்புறம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சூப்பர்வைசர் லேசாகத் தலையசைத்தார். இளைஞன் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான்.

மெஷினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் குழாய் நசுங்கிக் கிடந்தது. அதைக் கழற்றி உதறியதும் சாம்பல் நிறத்தில் பஞ்சு பொதபொதவென்று கொட்டியது. கூடவே ஒரு சின்னக் காலுறை.

"இது யாரோடது சார்?"

"சம்சாரத்தோடது" என்றான் அவன், சுவரைப் பார்த்து. "ஜோடியில ஒண்ணு காணோம்னு வீட்டையே தலைகீழாப் பொரட்டினாங்க."

"வடிகட்டியை மாட்டாம ஓட்டியிருக்கீங்க. அதான் உள்ள இழுத்திருக்கு."

"என்னையத்தான் திட்டினாங்க."

"திட்டாம கொஞ்சுவாங்களா?"

இந்த முறை சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அவள் வளைந்தாள், நிமிர்ந்தாள், முழங்காலிட்டாள். சுவருக்குள் பிரஷை விட்டுச் சுழற்றினாள். வேக்குவத்தால் உறிஞ்சினாள். பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டியான தகரக் குழாயைப் பொருத்தினாள். வடிகட்டியைத் தேடிப் பிடித்து மாட்டினாள்.

"குழாய்க்கு ஸ்க்ரூ அடிக்கலையா?" என்று மடக்கினான் இளைஞன்.

"அடிச்சா முனை உள்ள நீட்டிக்கிட்டுப் பஞ்சைப் புடிச்சு வைக்கும் சார். உலோக டேப் போதும். மெஷினையும் சுவத்துல முட்டற மாதிரி நிறுத்தாதீங்க."

கடைசியில் மெஷினை ஓடவிட்டு வெளிச்சுவர்ப் பக்கம் அழைத்துப் போனாள். குழாய் வெளியே வரும் இடத்தில் இத்தனை நாள் ஒட்டிக்கொண்டு கிடந்த மூடி படபடவென்று திறந்து ஆடியது. "கை வச்சுப் பாருங்க."

காற்று சூடாக, பலமாக வந்தது. இளைஞன் கையை எடுக்கவே இல்லை. முகமெல்லாம் பல்.

"குறை ஏதாவது உண்டா சார்?" என்றார் சூப்பர்வைசர்.

"குறையா? இத்தனை மாசமா என் மண்டையில ஏறாததை ஒரே வேளையில ஏத்திட்டாங்க. இவங்களைத் தனியா அனுப்பலேன்னா கம்பெனிக்குத்தான் நஷ்டம்."

சூப்பர்வைசர் வண்டிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நல்லா இரும்மா. நான் பஸ்ல போய்க்கறேன்."

அவர் வெளியே போய் வாசல் கதவு சாத்தியதுதான் தாமதம், இளைஞன் ஊருக்குப் போன் போட்டான். கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை! உங்க பொண்ணு பாஸாயிட்டா! ஆனா ஒண்ணு, கல்யாணம் ஆனதுலேர்ந்து அவகிட்ட இவ்ளோ மரியாதையா நான் திட்டு வாங்கினது இன்னிக்குத்தான்!"