பாதி சவரத்தில் ஒரு கையெழுத்து

மந்தாரக்குப்பம் சலூனில் சாயங்கால வெயில் கண்ணாடியில் பட்டு, திருவேங்கடத்தின் கன்னத்து நுரையில் மின்னுகிறது. வலது கன்னம் மழித்தாயிற்று, இடது பாக்கி. வெளிநாட்டு முகாமில் கிடக்கும் தீவிரவாதிகளின் மனைவி மக்களை அரசாங்கம் திரும்ப அழைத்து வரலாமா என்று டிவியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். "ஒருத்தரையும் உள்ள விடக்கூடாது!" என்று ஐந்தாவதாகத் திருவேங்கடம் கத்த, அவர் கழுத்துக்குப் பயந்து தண்டபாணி சவரக்கத்தியைத் தூக்கிக்கொள்கிறான். அந்த நேரம் பார்த்து, அவருடைய பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் சுந்தரவடிவேலு ஒரு காகிதத்தோடு வாசலில் நிற்கிறார். தண்டபாணி டிவியை அணைக்கிறான். 

"மாப்பிள்ளை அந்தத் தீவிரவாதிங்களோட சேர்ந்து சண்டையில செத்துட்டான் சார். பொண்ணும் பேத்தியும் முகாம்ல இருக்காங்க. எங்க குடும்பத்தத் தெரியும்னு பக்கத்துல ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் மனு போகும். ஏழு வூடு ஏறி எறங்கிட்டேன்."

அந்தப் பெண் மார்கழியில் தங்கள் வாசலோடு இவர் வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போட்டது திருவேங்கடத்துக்கு நினைவு வருகிறது. "பேத்திக்கு என்ன வயசு?"

"நாலு. போன்ல தாத்தான்னு கூப்புடுது."

திருவேங்கடம் சுவரிலுள்ள முருகனைப் பார்க்கிறார். முருகனும் அவரைத்தான் பார்க்கிறார். நுரை சொட்டிவிடாமல் முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, காகிதத்தைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போடுகிறார். சுந்தரவடிவேலு காகிதத்தை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

"ஒருத்தரையும் விடக்கூடாதுன்னீங்களே அண்ணே," என்கிறான் தண்டபாணி, "அப்ப மத்தவங்க?"

"அவங்களுக்கும் பக்கத்து வூடுன்னு ஒண்ணு இருக்கும்ல? அங்க கேட்டுக்கட்டும். நீ இந்தக் கன்னத்தப் பாருடா."