குழாய் போகும் பாதை

"பட்டணத்துக்காரன் குளிக்கிறதுக்கு நம்ம ஆத்துத் தண்ணியா? ஒரு சொட்டு விடமாட்டோம்!"

விவசாயிகள் சங்கத் தலைவர் துரைராசு மைக்கில் முழங்கினார். கல்யாண மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகும் தண்ணீரைக் குழாயில் பட்டணத்துக்குக் கொண்டுபோகத் திட்டம். இருபது வருஷம் கழித்து வரப்போகும் தேவைக்கு இப்போதே ஏற்பாடு. அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம்தான், காவிரிக்கரைக் குத்தாலத்துக்குப் பக்கத்தில், துரைராசுவின் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஆட்சி மாறும்போதெல்லாம் துரைராசுவின் துண்டுக் கரையும் மாறும். சங்கத் தலைவர் பதவி மட்டும் மாறாது.

"எதிர்க்கிறவங்க எல்லாம் கையத் தூக்குங்க!"

மண்டபமே கை தூக்கியது. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், தூக்குடி. எல்லாரும் பாக்குறாங்க" என்றான் பக்கத்தில் இருந்த அவள் புருஷன் ரெத்தினம்.

"மாட்டேங்க."

மேடையில் இருந்த திட்ட அதிகாரி சஃபியா கவனித்துவிட்டார். "அம்மா, உங்க பேர் என்ன? நீங்க இத ஆதரிக்கிறீங்களா?"

"செவ்வந்திங்க. ஆமாங்க, குழாய் வரட்டுங்க."

அவ்வளவுதான். "துரோகி!" என்றது ஒரு குரல். "சோறு போடுற ஆத்தையே வித்துடுவா போலிருக்கு!" என்றது இன்னொன்று. ரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டான்.

துரைராசு கையமர்த்தினார். "பாருங்க மேடம், கடைமடைக்காரங்க. ரெண்டு வருஷமா பயிர் காயுது. ஏந்தாயி, உன் வயலுக்கே தண்ணி இல்ல. இதுல பட்டணத்துக்கு தானமா?"

மண்டபம் சிரித்தது.

அந்த வயல், பண்ணைகளில் கூலிக்கு நாற்று நட்ட அவள் குடும்பம் முதல்முதலாகக் குத்தகைக்கு எடுத்துத் தனக்கென்று பயிர் வைத்த கோயில் நிலம். செவ்வந்திக்குக் கண் கலங்கியது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"அம்மா, எங்க ஊருல குழாய் எந்த வழியா வருதுங்க?"

சஃபியா திரையில் தெரிந்த வரைபடத்தைக் காட்டினார். "பெரிய வாய்க்கால்லேருந்து பிரிஞ்சு கடைமடைப் பக்கம் போகுதே சின்ன வாய்க்கால், அதோட கரையிலதாம்மா."

"அப்போ வாய்க்கால அளப்பீங்களா?"

"அளக்காம எப்படி? ஆக்கிரமிப்ப எடுத்து, வாய்க்கால வெட்டி விட்டுட்டுத்தான் குழாயே பதிப்போம்."

"யாரு கட்டடமா இருந்தாலும் எடுப்பீங்களா?"

"யாரா இருந்தாலும்."

துரைராசு தொண்டையைச் செருமினார். "நேரமாச்சு, அடுத்த ஆளு பேசட்டும்."

"அவங்க முடிக்கட்டும்" என்றார் சஃபியா.

"பட்டணத்துக்குத் தண்ணி எப்பப் போகுமோ எனக்குத் தெரியாதுங்க. வாய்க்கால் தொறந்தா எங்க வயலுக்கு வர்ற வருஷமே பாயும். போன சம்பா, கதிர் பால் பிடிக்கிற நேரத்துல கருகிடுச்சு. மாட்ட அவுத்து மேய விட்டோம். மனு குடுக்கப் போனா, சங்கத் தலைவரப் பாருங்கன்னாங்க. தலைவரப் பாத்தா, கர்நாடகா தண்ணி விடலன்னாரு."

துரைராசுவைப் பார்த்துத் தொடர்ந்தாள்.

"கர்நாடகா விட்டுச்சுங்க. மேட்டூர்லயும் தொறந்தாங்க. தண்ணி இந்த மண்டபத்துச் சமையல்கட்டுச் சுவரு வரைக்கும் வந்து நின்னுச்சு. வாய்க்கால் மேலதானேங்க மண்டபத்தக் கட்டியிருக்கு!"

யாரும் சிரிக்கவில்லை.

ரெத்தினம் தலையை நிமிர்த்தினான். மெல்ல எழுந்து மனைவியின் பக்கத்தில் நின்றான். "ஆமாங்க. பந்தி போடுற எடம் பூரா வாய்க்கால்தான்."

கடைமடைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சற்று முன் "துரோகி" என்று கத்தியவனும் அதில் இருந்தான்.

சஃபியா வரைபடத்தைப் பார்த்தார். சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கே சர்வேயர அனுப்புறேன்" என்றார்.

துரைராசு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு முன்வரிசை ஆட்களிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். குரல் தேனாக வழிந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! பட்டணத்துல இருக்கிறவனும் நம்ம புள்ளதான். அவன் தாகத்துல தவிக்கும்போது நாம குறுக்க நிக்கலாமா? காவிரி என்ன நம்ம வீட்டுச் சொத்தா? எவ்வளவு வேணுமோ எடுத்துக்கட்டும்! குழாய் மட்டும் அடுத்த ஊர் வழியாப் போகட்டும்!"